ஷோப்பி கைகர் கவுண்டர் ரிவ்யூ: எண்ணுறது ஓக்கே, சீவர்ட் சொல்றதுதான் இடிக்குது

முதல்லயே சொல்லிடுறேன், கைகர் கவுண்டர்னா கதிரியக்கத்த டிக் டிக்னு எண்ணிக் காட்டுற கருவி, சாமான் நல்ல சாமான்தான், ஆனா பெட்டி மேல போட்டிருக்கிற வேலைல பாதியத்தான் செய்யும். வெலை முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் கம்மி, சேல் நேரத்துல இன்னும் எறங்கும். பிராண்ட் பேர் கேக்காதீங்க, இதே மஞ்சக் கலர் டப்பாவ நாலஞ்சு கடை நாலஞ்சு பேர்ல விக்கிறாங்க, உள்ள இருக்கிறது ஒரே மாதிரி குழாய், ஒரே மாதிரி போர்டு. நேர்ல பாத்து வாங்கலாம்னு பினாங்கு கொம்தார் கடைங்கள்ல ஏறி எறங்கினேன், ஹேன்போன் கேசிங் விக்கிற பசங்க ‘என்ன கவுண்டர் பாஸ், காசு எண்றதா’ன்னு கேட்டாங்க. அதனால ஷோப்பிதான் கதி.

பெட்டிக்குள்ள டப்பா, சார்ஜ் வயர், ஒரு மடிச்ச பேப்பர். பேப்பர்ல சீனமும் இங்கிலீஷும் இருக்கு, இங்கிலீஷ படிச்சா சீனமே தேவலாம்னு தோணும். பின் மூடிய கழட்டுனா பென்சில் தடிமன்ல ஒரு கண்ணாடிக் குழாய், ஜே305ன்னு சொல்ற வகை, ரெண்டு பக்கமும் கிளிப்ல மாட்டியிருக்கு. எனக்கு வந்த பீஸ்ல ஒரு கிளிப் லூசு, டப்பாவ ஆட்டுனாலே டிக் டிக்னு கத்தும், கதிர் எதுவும் கிட்ட இல்லாமலே. கடைக்காரனுக்கு சேட் போட்டேன், ‘டியர், திஸ் இஸ் நோர்மல்’னு பதில் வந்துச்சு. நோர்மலும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் வெச்சிட்டு கிளிப்ப அழுத்தி விட்டேன், சரியாயிடுச்சு. ஓன்ல இருக்கும்போது யாரும் உள்ள கை வெக்காதீங்க, குழாய்க்கு சுமார் 400 வோல்ட் போகுது.

இப்ப இந்த சாமானுக்கு ஒரு ஸ்டார் போட்டவங்க கமெண்ட்ட எல்லாம் படிச்சேன், பாதிப் பேர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், ‘ரீடிங் நிக்க மாட்டேங்குது, ஒரே எடத்துல வெச்சாலும் மாறிக்கிட்டே இருக்கு, டுப்ளிகேட் சாமான்’. பாவம், இதுக்கு சாமான் என்ன பண்ணும், அணு சிதையுறது நேரம் பாத்து நடக்குற காரியம் இல்ல, அது பாட்டுக்கு கண்டபடி நடக்கும். எங்க ஜெலுத்தோங் ஃபிளாட் ஹால்ல நிமிஷத்துக்கு 25 டிக் பக்கம் வருது. அப்படின்னா அடுத்த நிமிஷம் 20 வந்தாலும் சரி, 30 வந்தாலும் சரி, ரெண்டுமே ஒரே அளவுதான். எண்ணிக்கையோட வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு முன்ன பின்ன ஆடும்னு வெச்சுக்கோங்க, 25க்கு 5, அதாவது 20 சதவீதம் ஆட்டம். பத்து நிமிஷம் வெச்சு 250 எண்ணினா ஆட்டம் 16 தான், ஆறு சதவீதம் சொச்சம். ஒரு மணி நேரம் விட்டா 1500க்கு 39, மூணு சதவீதத்துக்கும் கீழ எறங்கிடும். ஆக பொறுமைதான் இதுல கேலிபரேஷன். இந்த டப்பால மொத்த எண்ணிக்கையும் நேரமும் தனியா காட்டுற ஸ்கிரீன் ஒண்ணு இருக்கு, மூணாவது பேஜ், அதத்தான் நான் எப்பவும் பாக்குறேன். முதல் பேஜ்ல துள்ளுற பெரிய நம்பர் வீடியோ எடுத்துப் போடத்தான் லாயக்கு.

அந்தப் பெரிய நம்பர்தான் மைக்ரோசீவர்ட். வில்லங்கம் அங்கதான். யூனிட்டுங்க புரியாம இந்த சாமான வாங்கவே கூடாது, அதனால ஒரு தடவை சொல்லிடுறேன். பாலேக் பூலாவ் டுரியான் தோட்டத்துல ராத்திரி எத்தனை பழம் விழுதுங்கிறது பெக்கரல் மாதிரி, ஒரு செகண்டுக்கு ஒரு அணு சிதைஞ்சா ஒரு பெக்கரல். அதுல உங்க மேல விழுந்த பழத்தோட மொத்த அடி எவ்வளவுங்கிறது கிரே, ஒரு கிலோ உடம்புல ஒரு ஜூல் எனர்ஜி எறங்குனா ஒரு கிரே. தலைல விழுந்துச்சா கால்ல விழுந்துச்சா, எந்த மாதிரி பழம், எவ்வளவு கெடுதல்னு கணக்குப் போட்டு சொல்றதுதான் சீவர்ட். கதிர்ல ஆல்பா, பேட்டா, காமான்னு வகை உண்டு, பேட்டா, காமாவுக்கு ஒண்ணுன்னு பெருக்குவாங்க, ஆல்பாவுக்கு 20 ஆல பெருக்குவாங்க, அப்புறம் உறுப்புக்கு ஏத்த மாதிரி இன்னொரு கணக்கு. அதாவது சீவர்ட்ங்கிறது நேரா அளக்குற விஷயமே இல்ல, கணக்குப் போட்டு வர்றது.

இந்த டப்பா என்ன செய்யுதுன்னா டிக் மட்டும் எண்ணுது. 1928ல கைகரும் முல்லரும் செஞ்ச குழாய் எப்படியோ இன்னிக்கும் வேலை அதேதான், உள்ள கேஸ், நடுவுல கம்பி, வோல்டேஜ், ஒரே ஒரு துகள் உள்ள பூந்து ஒரு எலக்ட்ரான உதறி விட்டாலும் கேஸ் பூரா சரிஞ்சு ஒரு பெரிய பல்ஸ் வரும். வந்தது சின்னதோ பெருசோ பல்ஸ் ஒரே சைஸ்தான், அதனால எவ்வளவு எனர்ஜியோட வந்துச்சுன்னு குழாய்க்கு தெரியவே தெரியாது. எனர்ஜி தெரியாம கிரே எப்படி தெரியும், கிரே தெரியாம சீவர்ட் எப்படி வரும்? சிம்பிள், போர்டுல ஒரு நம்பர் போட்டு வெச்சிருக்கான், 0.0065, நிமிஷத்துக்கு எத்தனை டிக்கோ அத இதால பெருக்கிக் காட்டிடுவான், அவ்வளவுதான். சீசியம் 137ங்கிற கதிரியக்கப் பொருள்ல இருந்து வர்ற 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாவுக்கு அந்த நம்பர் சுமாரா பொருந்தும். அதைவிட எனர்ஜி கம்மியான காமா வந்தா நெசத்தைவிட பல மடங்கு கூட்டிக் காட்டும். பேட்டா வந்தா கேக்கவே வேணாம், காமால நூறு வந்தா ஒண்ணத்தான் இந்தக் குழாய் புடிக்கும், ஆனா கண்ணாடிய தாண்டி உள்ள வந்த பேட்டாவ கிட்டத்தட்ட ஒண்ணு விடாம புடிச்சிடும், அதையும் அதே 0.0065ஆல பெருக்கி ‘டேஞ்சர்’னு சிவப்பு லைட் போடும். விலை கூடுன மெஷின்ல குழாய சுத்தி மெல்லிசா உலோகத் தகடு போட்டு இத ஓரளவு சரி பண்ணியிருப்பாங்க, இதுல பிளாஸ்டிக் மூடி மட்டும்தான்.

எங்க வீட்டு ரீடிங் சராசரி 0.17 மைக்ரோசீவர்ட், ஒரு மணிக்கு. இத ஒரு வருஷத்துக்கு 8760 மணி நேரத்தால பெருக்குனா ஒன்றரை மில்லிசீவர்ட் வருது. கீழ் வீட்டு அங்கிள் இத கேட்டுட்டு ‘பப்ளிக் லிமிட் 1 மில்லிசீவர்ட்தானே தம்பி, தாண்டிடுச்சே’ன்னு ஃபேமிலி குரூப்ல போட்டு ஒரே அமளி. அங்கிள், அந்த 1 மில்லிசீவர்ட் லைசன்ஸ் எடுத்து கதிரியக்கத் தொழில் பண்றவங்களால நமக்கு கூடுதலா வரக்கூடாதுன்னு வெச்ச அளவு. தானா மண்ணுல வானத்துல இருந்து வர்றதும், ஆஸ்பத்திரில எடுக்குற எக்ஸ்ரேவும் அதுல சேராது. உலகத்துல சராசரி ஆளுக்கு இயற்கையா வர்றதே வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட், அதுல இந்த டப்பா அளக்காத, மூச்சு வழியா உள்ள போறதும் சேரும்.

மண்ணுல இருந்து வர்ற காமா நம்ம ஊர்ல கொஞ்சம் கூடத்தான் வரும், ஏன்னா பினாங்குத் தீவே கருங்கல் மேல உக்காந்திருக்கு. கருங்கல்லுல கதிர் விடுற யுரேனியமும் தோரியமும் துளித் துளி இருக்கும், பொட்டாசியம் அத விட நெறைய இருக்கும், அதுலயும் கொஞ்சம் கதிர் வரும். உலக சராசரில மண்ணுல இருந்து காத்துல வர்ற காமா மணிக்கு 60 நானோகிரே பக்கம்னா, மலேசியாவுக்கு ஐநா கமிட்டி போட்டிருக்கிறது 92. இத கண்ணால பாக்கணும்னு தண்ணீர்மலை முருகன் கோயில் படில ஏறும்போது இடுப்புப் பையில டப்பாவ போட்டுக்கிட்டேன். கீழ ரோட்டோரம் வீட்டு ரீடிங்தான், படியோரமா பெரிய பாறை வர்ற எடத்துல நின்னு பத்து நிமிஷம் எண்ணவிட்டா நிமிஷத்துக்கு 46 டிக், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பக்கத்துல மூச்சு வாங்க உக்காந்திருந்த ஒரு அக்கா, ‘தம்பி, அது என்ன பிரஷர் பாக்குற மெஷினா, எனக்கும் பாத்து சொல்லுப்பா’ன்னாங்க. ‘இல்லக்கா, பாறைல இருந்து கதிர் வருது, அத எண்ணுறேன்’னேன். ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, ‘அப்ப முருகன் பக்கத்துல போனா இன்னும் கூட காட்டுமா’ன்னாங்க. மேல ரீடிங் கம்மிதான், டைல்ஸ் போட்ட தரை, ஆனா நான் அத அக்காகிட்ட சொல்லிக்கல.

இந்த டப்பா காசுக்கு முழுசா வேலை செஞ்சது பெரியம்மா வீட்டுலதான். புக்கிட் மெர்தாஜாம்ல பெரியம்மா கழுத்துல கருப்பா வட்டமா ஒரு பென்டன் இருக்கும், ஏதோ ஹோட்டல் மீட்டிங்ல எம்எல்எம் ஆளுங்க எனர்ஜி பென்டன்னு வித்தது, நெகட்டிவ் அயோன் வரும், கால்வலி போகும், ஹேன்போன் கதிர தடுக்கும்னு. நான் டப்பாவ அது பக்கத்துல கொண்டு போனதும் டிக் டிக் எல்லாம் ஒண்ணா சேந்து கர்ருன்னு ஆயிடுச்சு. நிமிஷத்துக்கு 190, ஸ்கிரீன்ல 1.2 மைக்ரோசீவர்ட், அலாரம் வேற.

‘ஏண்டா சத்தம் போடுது?’

‘பெரியம்மா, இதுல தோரியம் கலந்த பொடி இருக்கு, அதான்.’

‘சக்தி இருக்குன்னுதானே சொன்னாங்க, அப்ப நெசம்தான்.’

என்னத்த சொல்ல. அயோன் வரும்னு அவன் சொன்னது ஒரு விதத்துல பொய் இல்ல, கதிரியக்கம் காத்துல அயோன உண்டாக்கும்தான், அதுக்குத்தான் அந்த மண்ணயே கலக்குறாங்க. 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அணு பாதுகாப்பு துறை இதே மாதிரி பென்டன், வளையல், தூங்கும்போது கண்ணுல கட்டுற மாஸ்க் உட்பட பத்து சாமான போடாதீங்க, எடுத்து மூடி வைங்க, குப்பைல போடாதீங்கன்னு அறிவிச்சாங்க. இப்ப அந்த 1.2 அப்படியே பெரியம்மா உடம்புக்கு எறங்குதான்னா இல்ல, மேல சொன்ன அதே சிக்கல்தான். பென்டனுக்கும் டப்பாவுக்கும் நடுவுல கேக் டின் மூடி ஒண்ண வெச்சேன், 190 உடனே 60 ஆயிடுச்சு, அப்ப வந்ததுல முக்காவாசி பேட்டா. பேட்டா உடம்பு உள்ள ஆழமா போகாது, ஆனா ராத்திரி பகலா ஒரே எடத்துல தோலோட ஒட்டி கெடந்தா அந்த தோலுக்கு டோஸ் ஏறிக்கிட்டேதான் இருக்கும், அதுக்கு சரியான கணக்கு இந்த டப்பா ஸ்கிரீன்ல இல்ல. ‘இருக்கு, கூட இருக்கு’ன்னு சொல்றதுக்கு இந்த சாமான் பத்து மார்க், ‘எவ்வளவு கெடுதல்’னு சொல்றதுக்கு ரெண்டு மார்க். பென்டன இப்ப அந்த கேக் டின்ல போட்டு ஸ்டோர் ரூம் மூலைல வெச்சிருக்கோம். ஒப்படைக்கிறதுக்கு கேக்க வேண்டிய எடம் டெங்கில்ல இருக்கிற அணுசக்தி துறை, முன்னாடி லைசன்ஸ் வாரியம்னு இருந்துச்சே, அதுதான்.

வீட்டுலயே டெஸ்ட் பண்ணனும்னா பென்டன் தேடி அலைய வேணாம், சூப்பர்மார்க்கெட்ல சோடியம் கம்மி உப்பு இருக்கும், பிரஷர் உள்ளவங்க வாங்குறது, அதுல பாதி பொட்டாசியம் குளோரைடு. ஒரு கிராம் பொட்டாசியத்துல 31 பெக்கரல், கணக்குப் பாத்தா அரை கிலோ பாக்கெட்டுல சுமார் 4000 பெக்கரல் வருது, ஒரு பெரிய ஆளோட உடம்புல இருக்கிற பொட்டாசியமும் ஏறக்குறைய அதே 4000 பெக்கரல்தான்! பாக்கெட்ட குழாய் பக்கம் ஒட்டி வெச்சு ஒரு மணி நேரம் விட்டேன், 25 இருந்தது 36 ஆச்சு. கடைல வாங்கி வந்த சாமான் வேலை செய்யுதான்னு பாக்க இது போதும். வாழைப்பழம் வெச்சு யூட்யூப் பண்றாங்க, ஒரு பழத்துல 15 பெக்கரல் பக்கம்தான், இந்தக் குழாய்க்கு அது தெரியவே தெரியாது.

என் மச்சான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம்ல வேலை பாக்குறான், அவன்கிட்ட காட்டுனா சிரிக்கிறான். எக்ஸ்ரே மெஷின் சில மில்லிசெகண்ட்தான் அடிக்கும், அந்த நேரத்துல வர்றது மொத்தமா வந்துடும், குழாய் ஒரு பல்ஸ் முடிச்சு மூச்சு விடவே 100 மைக்ரோசெகண்ட் ஆகும், அதுக்குள்ள வந்ததெல்லாம் எண்ணாம போயிடும். கதிர் ரொம்ப கூடிப் போனா இந்த மாதிரி மலிவு டப்பா நம்பர் ஏத்தாம எறக்கிக் கூட காட்டும், அதுதான் இதுல உள்ள ஆபத்தான குறை, மேனுவல்ல ஒரு வரி இல்ல. மச்சான் சட்டைல குத்தியிருக்கிற பேட்ஜ்ல பேட்டரியும் இல்ல ஸ்கிரீனும் இல்ல, லித்தியம் ஃபுளோரைடு மாதிரி ஒரு சின்ன கிரிஸ்டல், கதிர் பட்டா எனர்ஜிய உள்ள புடிச்சு வெச்சுக்கும், லேப்ல சூடு பண்ணும்போது வெளிச்சமா விட்டுடும், எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு டோஸ். அந்த கணக்குலதான் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் லிமிட் பாக்குறாங்க. அளவுக் கருவிங்கள சீசியம் முன்னாடி வெச்சு கேலிபரேட் பண்றது பாங்கில உள்ள நியூக்ளியர் மலேசியா லேப்ல நடக்குது. நம்ம டப்பாவோட வந்த ‘கேலிபரேஷன் சர்டிபிகேட்’ல தேதியும் இல்ல, சீரியல் நம்பரும் இல்ல, ஒரு சிவப்பு முத்திரை மட்டும் அழகா இருக்கு.

பிளேன்ல எடுத்துட்டுப் போனா ஜாலியா இருக்கும், அது நெசம். சென்னை போகும்போது மேல ஏற ஏற முதல்ல கம்மியாச்சு, மண்ணு தூரமாகுதுல்ல, அப்புறம் கிடுகிடுன்னு ஏறி 36 ஆயிரம் அடில மணிக்கு 1 மைக்ரோசீவர்ட்ட தாண்டிடுச்சு. ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் வடக்கால பறக்குறவங்களுக்கு இத விட கூடத்தான் வரும், பூமத்திய ரேகைப் பக்கம் பூமியோட காந்தம் காஸ்மிக் கதிர நல்லா தள்ளி விடுது, அதுலயும் இந்தியாவுக்கும் நமக்கும் நடுவுல உள்ள பகுதில தடுப்பு ரொம்பவே பலம். அங்க வர்றதுல நியூட்ரானும் நெறைய உண்டு, அது இந்தக் குழாய்ல விழவே விழாது, அதனால மேல காட்டுறது கம்மிக் கணக்கு.

ஷோப்பி பேஜ்ல ‘ஆல்பா பேட்டா காமா எக்ஸ்ரே எல்லாம் அளக்கும்’னு போட்டிருக்கிறது சுத்தப் பொய். ஆல்பா ஒரு பேப்பர தாண்டாது, இது கண்ணாடிக் குழாய், அது மேல பிளாஸ்டிக். ஆல்பா வேணும்னா மைக்கா ஜன்னல் வெச்ச தட்டைக் குழாய் வாங்கணும், வெலை எங்கயோ போகும். இன்னொண்ணு ரேடான், மண்ணுல இருந்து வர்ற கதிரியக்க கேஸ், நமக்கு இயற்கையா வர்ற 2.4 மில்லிசீவர்ட்ல பாதிக்கு மேல அதுவும் அது மாதிரி கேஸும் மூச்சு வழியா உள்ள போயி குடுக்குறதுதான், அத அளக்க தனி மெஷின், இந்த டப்பாவுக்கு ரேடான்னா என்னன்னே தெரியாது. ஜன்னல தொறந்து வெச்சு ஃபேன் போட்டுப் படுக்குற வீட்டுல அது தங்காது, ஏர்கோன் போட்டு மூடியே கெடக்குற வீட்டுலதான் யோசிக்கணும்.

ஈப்போ பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறவங்க கேக்குறாங்க, ஈயலம்பத்து மணல், அதாவது ஈயம் எடுத்தது போக மிஞ்சுன ஆமாங், கொட்டுன எடத்துல வீடு இருக்கு, இது போதுமான்னு. ஆமாங்ல மோனசைட்ங்கிற தாது இருக்கும், மோனசைட்ல தோரியம், புக்கிட் மேரால ஏஷியன் ரேர் எர்த் ஃபேக்டரி 1982ல இருந்து அதத்தான் ஒடச்சுக்கிட்டு இருந்துச்சு, ஊர் ஜனம் கோர்ட்டு வரைக்கும் போயி 1994ல மூடுனாங்க. வாசல்ல நடந்து பாத்து எந்த மூலைல கூட டிக் வருதுன்னு கண்டுபிடிக்க இந்த டப்பா நல்லாவே உதவும். ஆனா அந்த மண்ணுல ஒரு கிலோவுக்கு எத்தனை பெக்கரல், யுரேனியமா தோரியமான்னு தெரியணும்னா மண்ண டப்பால அடைச்சு லேபுக்கு அனுப்பணும், அங்க நைட்ரஜன் ஊத்திக் குளிர வெச்ச ஜெர்மானியம் டிடெக்டர் முன்னாடி மணிக்கணக்கா வெச்சு எண்ணுவாங்க. பேப்பர் இல்லாம ஸ்கிரீன்ஷாட்ட தூக்கிட்டு ஆபிசுக்கு போனா யாரும் மதிக்க மாட்டாங்க.

ஆயிரம் வெள்ளிக்கு மேல போட முடியும்னா ரேடியாகோட் மாதிரி கிரிஸ்டல் வெச்சது எடுங்க, ஒரு கன சென்டிமீட்டர் சீசியம் அயோடைடு, எனர்ஜியும் சேத்துப் பாக்கும், ஃபோன்ல கோடு கோடா வரைஞ்சு தோரியமா பொட்டாசியமான்னு சொல்லிடும், காமா டோஸும் இத விட நம்பலாம். படிக்கிற பிள்ளைங்களுக்கு, பழைய சாமான் வாங்கி விக்கிறவங்களுக்கு, பெரியம்மா மாதிரி பென்டன் போட்ட சொந்தம் உள்ளவங்களுக்கு இந்த மஞ்ச டப்பா போதும். அஞ்சுக்கு மூணரை குடுக்குறேன், பேட்டரி ரெண்டு நாள் தாங்குது, டிக் சத்தத்த ஆஃப் பண்ணலாம், அலாரம் 0.5ல வெச்சு வருது, அத 1க்கு ஏத்திடுங்க, இல்லேன்னா சில கருங்கல் எடத்துல சும்மா சும்மா கத்தும். வாங்கும்போது மெனுல அந்த 0.0065 மாத்துற எடம் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க, அது இல்லாத மாடலும் அதே மஞ்சக் கலர்ல இருவது வெள்ளி கம்மியா வருது, அத எடுக்காதீங்க.